நாலாவது காம்பு

பாறசாலைக்குக் கிழக்கே ஏழு வீட்டுப் பசுக்கள் சுயம்புவின் கைக்குத்தான் சுரந்தன. விடிவதற்குள் முதல் தொழுவத்தில் குந்தினால், ஏழாவது வீட்டை விட்டு வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும். சாயங்காலமும் அதே நடை. முப்பது வருடமாக நடக்கிறான். மூன்று காம்பு வீட்டுக்கு, நாலாவது கன்றுக்கு. இதுதான் அவன் வைத்திருந்த ஒரே சட்டம். எந்த வீட்டிலும் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

அந்த வருடம் ஆவணியில் போலீஸ் முகாம் வந்தது. மலையாள ஆட்சியிலிருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று தெற்கே ஊர்வலம் போனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. பள்ளிக்கூடத்தைக் காலி செய்து அறுபது போலீஸ்காரர்கள் தங்கினார்கள். அறுபது பேருக்கும் இரண்டு வேளை சாயா வேண்டும். ஏழு வீட்டுக்கும் ஆள் போய், இத்தனை பால் என்று சொல்லிவிட்டு வந்தது.

"நாலையும் கறந்துரும் ஓய்," என்றாள் விஜயம்மா. "அடி வாங்கதுக்கு எனக்கு ஒடம்புல தெம்பில்ல."

விஜயம்மா புருஷன் இல்லாதவள். ஒரு பசு, இரண்டு துண்டு மரச்சீனிக்கிழங்கு விளைநிலம், அவ்வளவுதான் அவளுக்கு. சுயம்பு நாலையும் கறந்தான். மூன்று வாரத்தில் அவள் வீட்டுக் கன்று எலும்பும் தோலுமாகி, ஒரு மழை நாளில் எழுந்திருக்காமல் செத்தது.

கன்று செத்தால் பசு பாலை மேலே இழுத்துக்கொள்ளும். அதற்கும் வழி உண்டு. சுயம்புவே தோலை உரித்தான். உப்புத் தேய்த்துக் காயவைத்தான். வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு கம்பைக் காலாகச் செருகினான். இதுபோல எத்தனையோ செய்திருக்கிறான்.

தோல்கன்றைப் பசுவின் முன்னால் நிறுத்திவிட்டுக் கறக்க உட்கார்ந்தான். பசு முகர்ந்தது. கழுத்திலிருந்து வால்வரை நக்கியது. மடி இளகிப் பால் இறங்கியது. உப்புக்காக நக்கினதோ கன்றுக்காக நக்கினதோ, நாலாம் நாள் காலை வயிற்றுத் தையல் விட்டது. வைக்கோல் வெளியே தொங்கியது. பசு அதை இழுத்துத் தின்றது. தின்றுவிட்டு, குழிந்துபோன தோலைத் திரும்பவும் நக்கியது. பால் நிற்கவில்லை. அவன் கைக்குள் வந்துகொண்டே இருந்தது.

சுயம்பு எழுந்தான். பாத்திரத்தைத் திண்டில் வைத்தான்.

"என்ன, இம்புட்டுதானா?"

"போரும். நான் இனி கறக்கல்ல."

"இண்ணைக்கா?"

"எண்ணைக்கும்."

"பேயி புடிச்சிருக்கா? போலீசுக்கு நான் என்ன சொல்ல?"

"சுயம்பு வரல்லண்ணு சொல்லு."

மற்ற ஆறு வீட்டிலும் போய்ச் சொன்னான். அவன் கைக்குப் பழகிய பசுக்கள் வேறு கையை உதைத்தன. இரண்டு நாள் முகாமுக்குப் பால் போகவில்லை. மூன்றாம் நாள் அவனைக் கூட்டிப்போனார்கள்.

"ஆரு பறஞ்ஞிட்டாடா?" என்று கேட்டார் ஏட்டு. யார் சொல்லிச் செய்தாய் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஊர்வலம் நடத்திய கமிட்டியா, அதன் ஆள் ராபின்சனா?

"யாரும் சொல்லல்ல ஏமானே. கன்னு செத்துப்போச்சு."

"நின்றெ கன்னோ?"

"இல்ல ஏமானே."

முதலில் சிரித்தார்கள். பிறகு அவன் யாரையோ மறைக்கிறான் என்று முடிவு செய்தார்கள். மூன்று நாள் சுவர் பார்த்து நிற்கவைத்தார்கள். உள்ளங்கையில் அடி விழுந்தது. அவன் நினைப்பெல்லாம் விஜயம்மா வீட்டுத் தொழுவத்தில் இருந்தது. குடிக்கக் கன்று இல்லை, கறக்க ஆளும் இல்லை. மடி கல்லாகியிருக்கும். கறவையை விடுகிறேன் என்று சொன்னபோது இதை அவன் யோசிக்கவில்லை. விட்ட பிறகும் அந்தப் பசுவுக்கு நோவைத்தான் கொடுத்திருக்கிறான்.

நெய்யாற்றின்கரையிலிருந்து முகாமுக்குப் பால் வர ஏற்பாடானது. அவனை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே விஜயம்மா தொழுவத்துக்குப் போனான். வீங்கிய விரலோடு பசுவின் அருகே குந்தி, மடி இளகும் அளவுக்கு மட்டும் பீச்சினான். பாத்திரம் வைக்கவில்லை. பால் மண்ணில் விழுந்தது. பால் வற்றவேண்டுமானால் முழுதும் கறக்கக் கூடாது. நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு வேறு கதை கிடைத்தது.

சந்தியில் ராபின்சன் காத்திருந்தான். கமிட்டிச் செயலாளர், சாயாக்கடையும் வைத்திருந்தான். முகாம் வந்ததிலிருந்து கடையில் பால் இல்லாமல் கட்டன்தான். அவன் கையில் அரளி மாலை இருந்தது.

"அடிச்சும் இவரு பணியல்ல," என்றான் கூட்டத்திடம். "சர்க்காருக்குக் குடுக்கத விட மண்ணுக்குக் குடுப்பேன்னு பாலைத் தரையில ஊத்தின ஆளாக்கும்."

"அதுக்கில்ல மக்கா. மடி கட்டிக் கெடந்து. கன்னு—"

"செரி, செரி. எல்லாம் ஒண்ணுதான் அண்ணா." மாலை விழுந்தது.

சுயம்பு மறுபடியும் வாயைத் திறந்தான். கூட்டம் கோஷம் போட்டது. மூன்று நாள் நின்ற கால். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது.

அதன்பிறகு யாராவது மரச்சீனி கொண்டுவந்து வைத்தார்கள். யாராவது அரிசி. மனைவி அம்மிணி வாங்கி உள்ளே வைத்தாள். அவளைக் கிணற்றடியில் இப்போது எல்லோரும் முதலில் தண்ணீர் கோரச் சொன்னார்கள். முப்பது வருடத்தில் இல்லாத மரியாதை. விஜயம்மா பசு வற்றும்வரை சுயம்பு தினமும் போய் மடியை இளக்கிவிட்டு வந்தான்; மற்ற நேரம் கூலிக்கு மண் வெட்டப் போனான். மோரும் முட்டையும் தனக்கு வேண்டாம் என்றான். "வயித்துக்கு ஒத்துக்கல்லியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். விளக்கிச் சொல்ல அவனுக்கு அலுப்பாக இருந்தது.

தையில் முகாம் போனது. ஜெயிலில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். வரவேற்புக்கு முதல் நாள் ராபின்சன் மண்வெட்டும் இடத்துக்கே வந்தான்.

"பால் பாயசம் வைக்கோம் அண்ணா. ஆறு வீட்டுலயும் பொம்பிளையளு என்னமோ கறக்குதாளுவ, காலுபாதி கூட வரல்ல. உம்ம கை வேணும். நாளைக்கு ஒரு நாளு."

"நான் கறவைய விட்டாச்சு மக்கா."

"அது போலீசுக்குல்லா."

"போலீசுக்கும் இல்ல, கமிட்டிக்கும் இல்ல. பாலு கன்னுக்கு உள்ளதாக்கும். நான் அண்ணைக்கே சொன்னேன். நீ மாலையப் போட்டு வாய அடச்சிட்ட."

ராபின்சன் சிரித்தான். "செரி, மூணு காம்பு கறயும். ஒண்ணு கன்னுக்கு. உம்ம பழைய நியாயம்."

"அது நியாயம் இல்ல. களவுல கொஞ்சம் திருப்பிக் குடுக்கதாக்கும். முப்பது வருசம் அத நியாயம்னு நெனச்சு ஒறங்கினேன்."

"அம்புட்டும் குடிச்சா கன்னுக்கு வயிறு எளகும்."

"அதப் பெத்த தள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"அப்போ உழவு மாடு? வண்டி மாடு? கோழி? எல்லாத்தையும் அவுத்து விட்டுரலாமா ஓய்?"

"ஒருநாள் விடத்தான் வேணும்."

"அதுக்குள்ள நம்ம செத்துருவோம்."

"செத்துருவோம்," என்றான் சுயம்பு.

ராபின்சனின் முகம் மாறியது. "தெற்க ஆளு செத்துக் கெடந்து. ஒவ்வொருத்தனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. நீரு மாட்டுக்கத பறயுதீரு."

செத்தவர்களில் ஒருவனைச் சுயம்புவுக்குத் தெரியும். அந்தச் சாவை எடுத்து எதன் பக்கத்திலும் வைத்து அளக்க அவனால் முடியாது. மண்வெட்டியை எடுத்தான்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. முகாமில் மூன்று நாள் என்ன பேசினான் என்று யாருக்குத் தெரியும்? கிணற்றடியிலிருந்து அம்மிணி காலிக்குடத்தோடு வந்தாள்.

"ஒரு நாளு கறந்து குடுத்தா ஒங்க கையா தேயும்? ஒற்றுக்காரனுக்க பெண்டாட்டிண்ணு சொல்லுதாளுவ."

"அப்பிடி இல்லண்ணு உனக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?"

மறுநாள் விஜயம்மா ஆளனுப்பினாள். அவள் பசு வற்றிவிட்டது. மாட்டை நடத்திக்கொண்டு வடக்கே போகும் வியாபாரிக் கூட்டம் மத்தியானம் வருகிறது. கயிற்றை அவிழ்த்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

"அறுக்கதுக்குல்லா கொண்டு போறான்," என்று விஜயம்மாவிடம் போய்ச் சொன்னான் சுயம்பு.

"பின்ன? கறக்காத பசுவ வச்சு நான் பூசையா செய்ய? வத்த வச்சது நீருதான். நல்லா யோசியும், யாரு கொல்லுதா?"

அவன் பசுவின் அருகே போய் அதன் கயிற்றைக் கையில் எடுத்தான்.

"உனக்க ரெண்டு விளையும் நான் வெட்டிக் கெளங்கு நட்டுத் தாறேன். பசுவ எனக்குத் தா."

"கறக்கப் போறீரா?"

"இல்ல."

விஜயம்மா அவனைப் பார்த்தாள். "மழைக்கு முந்தி வெட்டித் தரணும்," என்றாள்.

வீட்டுக்குச் சந்தியைக் கடந்துதான் போகவேண்டும். பந்தலில் கூட்டம். இலையில் வாங்குபவர்கள், டம்ளரில் வாங்குபவர்கள். அம்மிணி பெண்களோடு ஓரத்தில், ஒருவரும் ஒட்டாமல் நின்றிருந்தாள். சுயம்பு கயிற்றைப் பிடித்துப் பசுவோடு நடந்தான். பேச்சு நின்றது.

ராபின்சன் ஒரு டம்ளர் பாயசத்தோடு வழிமறித்தான். குரலில் கோபம் இல்லை.

"இதக் குடியும் அண்ணா. எல்லாவனும் பாக்கட்டு. நம்ம ஆளுதாண்ணு நான் இப்பமே சொல்லுதேன். அதோட முடிஞ்சு."

காலையிலிருந்து சுயம்பு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஏலக்காய் மணத்தது. ஒரு டம்ளர்தான். குடித்தால் நாளைக்குக் கிணற்றடியில் அம்மிணி முதலில் கோருவாள். ராபின்சனின் கை நீண்டபடியே இருந்தது. அதில் சூது இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

டம்ளரை வாங்கினான். அதன் சூடு அன்று அடிபட்ட கைக்கு இதமாக இருந்தது.

"வேண்டாம் மக்கா," என்று திருப்பி நீட்டினான்.

ராபின்சன் வாங்கவில்லை. கூட்டத்தில் யாரோ, "பசுவுக்குக் குடுடே," என்றார்கள். சிரிப்பு எழுந்தது. சுயம்புவுக்கு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மிணி வந்தாள். அவன் கையிலிருந்து அதை எடுத்தாள். எல்லோரும் பார்க்க நின்று, அவசரமில்லாமல், அடிவரை குடித்தாள். டம்ளரை ராபின்சனிடம் கொடுத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பசுவின் பின்னால் வந்து நின்று அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பசு நடந்தது. பந்தல் பின்னால் போய் வெகு நேரம் கழித்துத்தான் அவள் பேசினாள்.

"இதுக்குப் புல்லு நான் அறுக்க மாட்டேன்."

"அறுக்காண்டாம்," என்றான் சுயம்பு.