கேட்டோம் என்று மட்டும் சொன்னோம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு எழுத்து ஆசை காரணமில்லை. போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் மதுக்கடையின் மாடி அறையில் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி தன்மேல் தானே ஒரு கொலைப்பழியைப் போட்டுக்கொண்டாள். மற்ற பத்துப் பேரும் "கேட்டோம்" என்று மட்டும் சொன்னோம். அந்தப் பத்தில் நான் ஒருத்தி. எழுதினால் மனம் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். மூன்று மாதமாக எழுதுகிறேன், ஆகவில்லை.

தொடக்கம் எதுவும் சரியாக அமையவில்லை. உதாரணத்துக்கு:

"கார்ன்வாலின் ஈரக்காற்றில், ஊற்றுக்குப் பக்கத்து முள்மரத்தில் ஆயிரம் துணிகள் ஆடின. அவை ஒவ்வொன்றும் ஒரு"

(நிறுத்திவிட்டேன். சுற்றுலாத்துறை துண்டுப்பிரசுரம் இப்படித்தான் இருக்கும். ஆயிரம் என்பதும் புளுகு. அறுபது, எழுபது இருந்தால் அதிகம்.)

"டாம்சினுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் ஒரு பேகன்*. அதாவது"

(அதாவது என்று எழுதியதுமே கை நின்றுவிட்டது. அதாவது என்ன என்று டாம்சினுக்கே பன்னிரண்டு வருடமாகத் தெரியவில்லை. கதையே அதுதான்.)

* மயிலுக்குப் போர்வை கொடுத்தவர் இல்லை. தேவாலயத்துக்கு முந்தைய பழைய தெய்வங்களை, மரத்தை, நீரை, நிலவை அவரவர் வழியில் கும்பிடுகிறவர்கள். யாருக்கும் பொதுவான வேதம் கிடையாது. அவரவர் நம்பிக்கையை அவரவரே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது தொடக்கம்: "டென்சில் சாவதற்கு ஏழு மாதம் முன்னால், அவர் மனைவி டாம்சின் ஒரு டையை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2

நான் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கால்சட்டையைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, கல்யாண கவுனைப் பிடிப்பது. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம். என் பெயர் கிருஷ்ணவேணி. அவர்கள் வாய்க்கு வேணி.

"இத ரெண்டா வெட்டிக் குடு வேணி," என்று டாம்சின் டையை மேசையில் போட்டாள். டென்சில் பஸ் ஓட்டும்போது கட்டும் நீலநிற டை.

"நல்லாத்தானே இருக்கு? டென்சில் திட்டமாட்டாரா?"

"அவரேதான் குடுத்தாரு. 'முப்பது வருஷமா என் கழுத்த நெரிச்சது இதுதான், இத மொதல்ல தூக்குல போடு'ன்னாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். கத்தரியை எடுத்து நடுவில் வெட்டினேன். அவள் ஒரு பாதியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் எதற்கென்று சொன்னாள்.

"அவருக்குப் புத்துநோயி, கணையத்துலயாம். டாக்டரம்மா வசந்தம் வரைக்கும்னு சொன்னாங்க. ஒடம்புல பட்ட துணிய ஊத்துத் தண்ணியில நனைச்சு மரத்துல கட்டுவோம். துணி மக்க மக்க நோவும் எறங்கிடும். உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்," என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டாம்சினின் பேகன் கூட்டத்துக்கு நான் போவது பேச்சுத் துணைக்கும் குங்குமப்பூ பன்னுக்கும். அதை வெளிப்படையாகவே சொல்லி அவர்களிடம் கேலி வாங்கியிருக்கிறேன்.

3

இந்த இடத்தில் எனக்கு டாம்சின் மேல் ஒரு சந்தேகம் வருகிறது. நிஜ டாம்சின்மேல் இல்லை, நான் எழுதும் டாம்சின்மேல். படிக்கிறவர்களுக்கு அவள் அசடாகத் தெரிவாளோ? அவள் அசடு இல்லை. ஊரிலேயே நம்பிக்கையைப் பற்றி அவ்வளவு கஷ்டப்பட்டு யோசித்தவளை நான் பார்த்ததில்லை.

ஒரு நோட்டு வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் "நான் நம்புவது" என்று தலைப்பு. அதன்கீழே "தேவி இருக்கிறாள்." அடித்தல். "தேவியும் தேவனும்." அடித்தல். "எல்லாம் ஒரே சக்தி." இதன்மேல் இரண்டு முறை அடித்து, பக்கத்தில் "இது யாரோ சொன்னது, என்னுடையது இல்லை" என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அடிக்காமல் மிஞ்சியது ஒரே வரி: "அந்த ஊற்று கேட்கிறது."

அந்த ஒரு வரிக்காக அவள் எத்தனை வரிகளை விட்டுக்கொடுத்தாள் என்பது, நாள் முழுக்க அடித்துத் திருத்திக்கொண்டிருக்கும் எனக்குப் புரிகிறது.

டென்சில் எதையும் நம்பாதவர். ஞாயிற்றுக்கிழமை அவள் கூட்டத்துக்குக் கிளம்பும்போது சமையலறையிலிருந்து கத்துவார். "இன்னைக்கு யாரு கண்ணு வர்றது? கொம்பு வச்ச சாமியா, நெலாவா? எத்தன பேருன்னு சொல்லிட்டுப் போ, சாண்ட்விச் கட்டணும்ல!"

"உங்களுக்கு மட்டும் கட்டிக்குங்க. பட்டினி கெடக்குற ஒரே ஆளு நீங்கதான்."

கடைசிவரை வாயாடியாகவே இருந்தார். ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார்.

4

அக்டோபரில் மரத்தைச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் பிளாஸ்டிக் ரிப்பன், நைலான் கயிறு என்று கட்டிவிட்டுப் போவார்கள். மக்காதவை கிளையை இறுக்கிக் கொன்றுவிடும். அவற்றை மட்டும் வெட்டி எடுப்போம். எங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் ரோவன். பிறந்தபோது வைத்த பெயர் கீத்; குழாய் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

அந்த ஞாயிறு காலை ஏணிமேல் நின்று கத்தினார். "இங்க பாருங்கடா கூத்த! யாரோ டைய கட்டியிருக்கான். சுத்தமான பாலியஸ்டர்! நூறு வருஷமானாலும் இது மக்காது. நோவு எங்கேர்ந்து போவும்?"

ஒரு வருட மழையும் வெயிலும் பட்டும் நீலம் போகவில்லை. டாம்சின் கீழே குப்பைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னோடது கீத்," என்றாள்.

அவள் அவரைப் பழைய பெயரில் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். ரோவன் ஏணியிலிருந்து இறங்கி, முகம் வெளிறிப்போய், டையை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மடித்துக் கோட்டுப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் குப்பைப்பையைப் பிடித்தாள்.

5

மதுக்கடை மாடியில் கூடும்போது மாதம் ஒருவர் எழுந்து "என் நம்பிக்கை" என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது, மறுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. முடிந்ததும் எல்லோரும் "கேட்டோம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் குட்டுப்பட்டு வளர்ந்தவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட விதி. யார் நம்பிக்கையையும் யாரும் இங்கே குட்டக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. அந்த ஞாயிறு டாம்சினின் முறை. பன்னிரண்டு வருடத்தில் அவள் பேசுவதற்கு ஒத்துக்கொண்டது முதல் தடவை.

(இங்கே அவள் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் சொன்னதை மட்டும் அப்படியே வைக்கிறேன்.)

"நோட்டுல இருக்கறத படிக்கல, நேராவே சொல்றேன். டென்சில் போனதுலேர்ந்து தெனம் காலையில ஊத்துக்குப் போறேன். அவரோட பேசுறேன். பாய்லர் கெட்டுப்போச்சு, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டுச்சு, எல்லாம் சொல்றேன். அவரு கேக்குறாரு. ஏன்னா அந்த ஊத்து கேக்குது. ஊத்து மெய்யின்னா துணியும் மெய். துணி மக்கியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரு. மக்காத துணியக் கட்டினது நான். லேபிளக்கூடப் பாக்கல. இதெல்லாம் பொய்யின்னு வச்சுக்கிட்டா எம்மேல பழி இல்ல. ஆனா அப்ப அது வெறும் தண்ணி. டென்சில் எங்கயும் இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும். நான் அவர எடுத்துக்கிட்டேன். அதனால, அவரக் கொன்னது நான்தான். இதான் என் நம்பிக்கை."



"கேட்டோம்," என்றார் ரோவன். அவர் கன்னம் நனைந்திருந்தது. "கேட்டோம்," என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் நடுவில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால், "வாயைக் கழுவுடி! என்ன பேச்சு பேசுற!" என்று பத்துப் பேர் பாய்ந்து, திட்டி, கட்டிப்பிடித்து, சேர்ந்து அழுதிருப்பார்கள். அது தெரிந்த ஒருத்தி அந்த அறையில் நான் மட்டும்தான்.

"கேட்டோம்," என்றேன்.

"ரொம்ப நன்றி," என்றாள் டாம்சின். "இவ்வளவு மரியாதையா யாரும் என்னைக் கேட்டதில்ல." பிறகு பன்னைப் பங்கு போட்டாள்.

6

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், நான் எழுந்து விதியை உடைக்கிறேன். "புற்றுநோயாலதான் செத்தாரு டாம்சின், டையால இல்ல!" (அடித்துவிட்டேன். அப்படிச் சொன்னால் அவள் பழியோடு சேர்த்து டென்சிலையும் பிடுங்கிக்கொள்கிறேன். மறுநாள் காலை பாய்லர் பற்றி அவள் யாரிடம் சொல்வாள்?)

இரண்டாவதில், டென்சிலே வருகிறார். "ஏன் கண்ணு, உன் ஊத்துக்கு லேபிள் வேற படிக்கத் தெரியுமா?" (இதை எழுதும்போது சிரித்தேன், அப்புறம் அழுதேன். ஆனால் செத்தவர் வாயில் எனக்கு வசதியான வசனத்தை வைக்கிறேன். வேண்டாம்.)

மூன்றாவதில், அவள் பழியை நீக்கி, டென்சிலையும் அவளிடமே விட்டுவைக்கும் ஒரு வாக்கியத்தை யாரோ சொல்கிறார்கள். அந்த வாக்கியம் மட்டும் கிடைக்கவில்லை என்று இங்கே எழுதியிருந்தேன்.

அது பொய். அந்த வாக்கியம் என்னிடம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

7

இரண்டாம் பகுதிக்குப் போங்கள். "அப்புறம்தான் எதற்கென்று சொன்னாள்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். எதற்கென்று அவள் முதலிலேயே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் நான் கத்தரியை எடுத்தேன். இருபத்திரண்டு வருடம் துணியோடு கிடந்த விரல்கள் இவை. தொட்டதுமே தெரிந்துவிட்டது, பாலியஸ்டர். 'இது மக்காதே, அவரோட பழைய பருத்தி பனியன் ஏதாவது கொண்டா' என்று நாக்கு நுனிவரை வந்தது. மக்கினால் என்ன, மக்காவிட்டால் என்ன, மரத்தில் துணி கட்டியா வியாதி போகப்போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தேன்.

ஆகவே அவள் நம்பிக்கையின்படியே பார்த்தாலும் குற்றவாளி அவள் இல்லை. அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான். இதைச் சொன்னால் போதும், அவள் பழி இறங்கிவிடும், டென்சில் ஊற்றடியிலேயே இருப்பார். நான் நம்பாதவளாயிற்றே, எனக்கு என்ன நஷ்டம்? ஒரு டை, ஒரு முள்மரம். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

மூன்று மாதமாகச் சொல்ல வாய் வரவில்லை. இரவில் தூக்கம் இல்லை. நம்பாதவளுக்கு இவ்வளவு பயம் ஏன் என்று கேட்டுக்கொண்டு ஒரு நாள் நானும் ஒரு நோட்டு எடுத்தேன். "நான் நம்புவது" என்று எழுதினேன். கீழே எழுத வேண்டியது தெரிந்தது. மூடி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை டாம்சின் இந்த ஊரைவிட்டே போகிறாள், பிளிமத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு. "ஊத்த விட்டுட்டு எப்படி இருக்கப்போறேன்னு தெரியல. ஆனா தெனம் அவரு மூஞ்சில முழிக்கவும் முடியல வேணி," என்று போனில் சொன்னாள். நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கோட்டுக்குப் பொத்தான் தைக்க வருகிறாள்.

அதற்குமேல் என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்:

"உக்காரு டாம்சின். அன்னைக்கு அந்த டைய வெட்டினப்பவே எனக்கு"

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னேன் என்றும் முடிக்கலாம், பொத்தானை மட்டும் தைத்துக் கொடுத்து அனுப்பினேன் என்றும் முடிக்கலாம். சொன்னேன் என்று முடித்தீர்களானால், அதைக் கேட்டு அவள் தலைநிமிர்ந்து என்னைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். அதை மட்டும் எனக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.