நுவாலா டீச்சர் வீட்டுத் தண்ணீர்

அக்டோபர் பதினேழாம் தேதி சாயங்காலத்திலிருந்து, க்வேசான் பேருந்து நிலையத்தின் பின்தெருவில், நத்தைச் சூப்புக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்த ஆங்கில டீச்சர் நுவாலாவின் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. அதே கட்டடத்தின் மற்ற ஐந்து வீடுகளில் வழக்கமான தண்ணீர்தான். தென் கொரியாவிலேயே கடலோரம் இல்லாத ஒரே மாகாணம் எங்களுடையது. எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால்தான் அலையைப் பார்க்கலாம். அப்படியிருந்தும் வந்தது. அந்தத் தண்ணீரில்தான் அவள் தேநீர் போட்டாள், நூடுல்ஸ் வேகவைத்தாள், பல் துலக்கினாள். பத்தே நாளில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க வேண்டும். கிடக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. தெரு முழுக்கத் தெரிந்த இந்தச் சங்கதி தெரியாதவள் நுவாலா ஒருத்திதான்.

அவள் அயர்லாந்துக்காரி. அங்கேயும் கடல் எட்டாத ஒரு மாவட்டத்தில், மாடுகள் அதிகமும் ஆட்கள் குறைவுமான ஊரில் பிறந்தவள். எதிர்க் கட்டடத்தில் மா சாங்தே நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வந்து அது மூன்றாவது வருஷம். அந்த வீட்டுக்கு வரும் டீச்சர்கள் ஒரு வருஷம் இருப்பார்கள். போகும்போது சட்டி, போர்வை, பாதி ஷாம்பு எல்லாவற்றையும் அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டுப் போவார்கள். நுவாலா மட்டும்தான் தங்கிவிட்டவள். அன்று மூன்று நாற்பதுக்கு அவளுடைய தங்கை போன் செய்தாள். அப்பா காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் போனவர், அங்கேயே விழுந்துவிட்டார், முடிந்துவிட்டது. நாலு மணிக்கு வகுப்பு. அன்றைய பாடம் பண்ணை விலங்குகள். நுவாலா பசு படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினாள், பதினோரு பிள்ளைகளும் பசு என்று கத்தினார்கள், நன்று என்றாள், அட்டையைக் கீழே வைத்து அடுத்த அட்டையை எடுத்தாள். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்ற மா சாங்தே, முகம் வெளுத்திருக்கிறதே என்று, "ஆர் யூ ஓகே?" என்றார். அவள் வாயிலிருந்து தானாக வந்தது: "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" மூன்று வருஷமாக ஒவ்வொரு வகுப்பையும் அந்த வரியோடுதான் தொடங்குகிறாள். மா சாங்தேவும் பள்ளிக்கூடத்தில் அந்த வரியைத்தான் மனப்பாடம் செய்தவர். "ஐ ஆம் ஃபைன் டூ" என்றார். உச்சரிப்பு நன்றாக வந்ததில் அவருக்குத் திருப்தி. விஷயம் அதோடு முடிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே காரில் விமான நிலையத்தில் விட்டிருப்பேன் என்று பின்னால் அவர் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அதை நம்பலாம், டிவி தொடரில் நாய் செத்தாலே அழுகிற ஆள். அவர்கள் ஊரிலும் எங்கள் ஊரைப் போலவே மூன்றாம் நாள் அடக்கம். அந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை. நுவாலா ஜன்னல் திரைகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

உப்பை முதலில் கண்டுபிடித்தவர் கீழ்க்கடை பியோ மால்சுன் அம்மா. ஒரு தூக்கு நத்தைச் சூப்பு எடுத்துக்கொண்டு மேலே போனார். சூப்பு கொடுப்பது சாக்கு, டீச்சருக்கு ஆண் சிநேகிதம் ஏதாவது உண்டா என்று பார்ப்பதுதான் காரியம். நுவாலா தேநீர் கொடுத்தாள். மால்சுன் அம்மா ஒரு மடக்கு குடித்தார். சற்றுக் கழித்து மீதியையும் குடித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற வழக்கம் கிடையாது; அதற்குக் குடித்துத் தொலைப்பதே மேல். எதிரில் நுவாலா தன் கோப்பையை வெந்நீர் மாதிரி குடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற சூப்பையும் அப்படியே குடித்தாள், ஊதக்கூட இல்லை. கீழே சலவைக்கடை கூ காத்திருந்தார்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"டீ குடுத்தா."

"எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு."

கூவுக்கு அதுவே போதும். டீச்சரின் சட்டைகளில் வெள்ளைக் கோடு படிந்து வருவதை மூன்று நாளாக அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்கவில்லை. மா சாங்தே அவள் வீட்டு வெந்நீர்க் கொதிகலனைப் பார்க்கப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு, ருசி ஆழமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு இறங்கினார்.

நவம்பரில் வருஷத்துக் கிம்ச்சி போடும் வாரம் வந்தது. நானூறு கோஸை இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மால்சுன் அம்மா மேலே போய், "டீச்சர், உங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் வேணும். மேலேருந்து விழுந்தா வேகமா நிரம்பும் பாருங்க" என்றார். நுவாலா தாராளமாக என்றாள். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ரப்பர் குழாய் இறங்கியது, சிவப்புத் தொட்டிகள் நிரம்பின. மால்சுன் அம்மா ஒரு பச்சை முட்டையைப் போட்டுப் பார்த்தார். முட்டை மிதந்தது, காசளவு தலையை நீட்டிக்கொண்டு. உப்பை அளந்து போட்டால்கூட அவ்வளவு கச்சிதமாக வராது. ஒரு மூட்டை உப்பும் பிரிக்காமல் அந்த வருஷம் கிம்ச்சி முடிந்தது. முப்பது வருஷத்தில் அப்படியொரு ருசி வந்ததில்லை என்று வாயைத் திறந்து யாரையும் புகழாத மா சாங்தேயின் அம்மாவே சொன்னார். டீச்சரின் ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறதே, அவளைப் போகவிடக் கூடாது என்று பெண்கள் அப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

டிசம்பரில் அயர்லாந்திலிருந்து ஓர் உறை வந்தது. மாடி ஏற அலுத்துக்கொள்ளும் தபால்காரர் வழக்கம்போல சூப்புக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். சூப்பு ஆவியில் உறை தானாகத் திறந்துகொண்டது என்று மால்சுன் அம்மா சொன்னார்; நாங்களும் சரி என்றோம். உள்ளே கைக்கடக்கமாக ஓர் அட்டை. தொப்பி போட்ட, காது பெரிதான ஓர் ஆளின் படம். கீழே இரண்டு தேதிகள்.

"ரெண்டு தேதி போட்டிருந்தா எந்த பாஷையிலயும் ஒரே அர்த்தம்தான்" என்றார் கூ. "காதைப் பாருங்க, டீச்சர் காது."

மால்சுன் அம்மா இரண்டாவது தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு, பத்து. அவர் மேலே போய் அந்தத் தேநீரைக் குடித்தது அதற்கு ஐந்தாம் நாள். ஜன்னலுக்குக் கீழே நின்று இருபது பெண்கள் சிரித்துச் சிரித்துத் தொட்டி நிரப்பியது ஒரே மாதத்தில். அன்று மத்தியானம் அவர் கிம்ச்சி இல்லாமல் சோறு தின்றார். அவரை அறிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. அட்டையை டீச்சர் கையில் கொடுத்து, எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றார். மா சாங்தேயின் அம்மா தடுத்தார்.

"சொன்னா அழுவா. அழுதா ஊருக்குப் போயிடுவா. அடுத்த வருஷம் உப்பு மூட்டையை நீ தூக்கிட்டு வருவியா?"

"தூக்குறேன்."

"முட்டி வலின்னு மருந்துக்கடையே கதின்னு கிடக்கிறவ!"

"வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

நுவாலா மத்தியான வகுப்புக்கு இறங்கும் நேரம் பார்த்து மால்சுன் அம்மா படிக்கட்டில் மறித்தார். அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். "அப்பா போயிட்டாராமே, டீச்சர்." நுவாலா படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கொரிய மொழியிலேயே, மிக மரியாதையாகச் சொன்னாள்: "ஆமா சித்தி. நான் நல்லா இருக்கேன், நன்றி. நீங்க எப்படி இருக்கீங்க?"

எங்கள் ஊரில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. மால்சுன் அம்மா அதைச் சொல்லவில்லை.

"நான் நல்லா இல்ல" என்றார். "என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆகுது, இன்னும் ரெண்டு பேருக்கு அரிசி போடுறேன். முட்டி போச்சு. பையன் போன் பண்றதில்ல. நான் நல்லாவே இல்ல, டீச்சர்."

நுவாலா படியில் நின்றாள். அதற்கு அடுத்த வரி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. வகுப்புக்கு ஆறு நிமிஷம் தாமதமாகப் போனாள். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சூப்புக் கடையில் மேசைகளை ஓரம் கட்டினார்கள். அட்டையை ஒரு சோஜு சாராயப் பாட்டிலில் சாய்த்து வைத்து, முன்னால் ஊதுவத்தி, ஒரு கிண்ணம் சோறு, அதில் செங்குத்தாகக் குத்திய கரண்டி, நத்தைச் சூப்பு. ஐம்பது நாள் தாமதம்தான், ஆனால் முறை முறைதான். நுவாலாவுக்குக் கூவின் மனைவியின் கறுப்பு உடை, கை ஒரு சாண் குட்டை. தெருவில் ஒவ்வொருவராக வந்து தொப்பிக்காரருக்கு இரண்டு முறை விழுந்து வணங்கினோம். மகள் என்ற முறையில் அவள் எதிர்வணக்கம் செய்தாள். மா சாங்தேதான் குலுங்கிக் குலுங்கி அழுதார், அவரை நாலு பேர் தேற்ற வேண்டியிருந்தது. நுவாலா அழவில்லை. எப்படியும் அழுவாள் என்று கைக்குட்டையோடு வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அவளும் சாப்பிட்டாள். முதல் கரண்டியை ஊதிவிட்டு வாயில் வைத்தாள். அதை மால்சுன் அம்மா மட்டும் கவனித்தார்.

கூட்டம் கலைந்ததும் அவள் மேலே போனாள். கால் மணி நேரம் கழித்துக் கறுப்பு உடையோடே கோப்பையைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"சித்தி, என் குழாய்ல உப்புத் தண்ணி வருது!"

மால்சுன் அம்மா பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்படியா?"

"வாயில வைக்க முடியல. பயங்கர உப்பு."

"அடடா" என்றார் சலவைக்கடை கூ, பிறந்ததிலிருந்து அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லாதவர் போல. "நாளைக்கு ஆளை வரச் சொல்லலாம்."

ஆள் வந்தார். குழாயைக் கழற்றினார், மாட்டினார், நக்கிப் பார்த்தார், தாளில் கோளாறு ஏதுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதன்பின் தினமும் காலையில் நுவாலா கெண்டியோடு இறங்கி வந்து கடையில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். பிடிக்கிற நேரம் மால்சுன் அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள், முழுப் பதிலையும் நின்று கேட்டாள். பிப்ரவரியில் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். நவம்பரில் ரப்பர் குழாயை ஜன்னலிலிருந்து அவளே இறக்கிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். மால்சுன் அம்மா தொட்டியில் முட்டையைப் போட்டார். மிதந்தது, ஆனால் போன வருஷத்தைவிட ஒரு நூல் தாழ்வாக. பெண்கள் குனிந்து பார்த்தார்கள். மா சாங்தேயின் அம்மா மூட்டையைப் பிரித்து, இரண்டு பிடி உப்பு சேர்த்தார்.