மொட்டை மாடியில் ஒரு சிவப்புச் சேலை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அடுத்த தெருவிலிருந்து எடுத்தது. சின்னாளப்பட்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் பவுல்ராஜ் அண்ணன் ஒரு காலையில் மொட்டை மாடியில் நின்று கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"செத்த நேரத்துல எம்மக இப்படிப் போகும் தம்பி," என்றார்.

நான் எதற்காக அந்தப் பக்கம் வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன்.

2

முதல் வரி: "நீல வானில் ஒரு வெள்ளிப் பறவை—" வேண்டாம், பள்ளி ஆண்டுமலர் வாடை அடிக்கிறது. "பெண் என்பவள் சிறகு—" சத்தியமாக வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். பவுல்ராஜ் அண்ணன் மகள் புஷ்பமேரிக்கு விமானி உரிமம் வேண்டும். அதற்குத் தன்னந்தனியாக முந்நூறு கடல் மைல் (ஆகாயத்திலும் அந்தக் கணக்குதானாம்) பறக்க வேண்டும். வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். போன மாதம் பாதி வழியில் மேகம் மறித்துத் திரும்பிவிட்டாள். பறந்த நேரம் குறிப்பேட்டில் ஏறியது. ஆனால் உரிமக் கணக்கில் அந்தப் பயணம் செல்லாது. அண்ணன் மாடியில் நின்ற அன்றுதான் இரண்டாவது முயற்சி.

(பெயரை 'ஆகாஷினி' என்று மாற்றலாமா என்று அவளிடம் கேட்டேன். "எம் பேருக்கு என்ன கொறச்சல் சித்தப்பா?" என்றாள். மாற்றவில்லை. இன்னொன்று: நான் விமானம் ஏறியதே இல்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை ஏறவே எனக்கு மூச்சு வாங்கும்.)

3

அவள் இறங்கி ஏற வேண்டிய மதுரைக்குப் போகும் தடம் எங்கள் ஊருக்கு மேலே. வீடு அடையாளம் தெரியட்டுமென்று பவுல்ராஜ் அண்ணன் ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலையை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தார். ஒரு வாரம் மழை பெய்து அன்றுதான் வெயில். ஊரே ஈரச் சேலைகளை மாடிக்கு ஏற்றியிருந்தது. அந்த வாரம் ஊருக்கெல்லாம் சிவப்புச் சாயம் போட்டுக் கொடுத்ததும் இவர்தான்.

என் முதல் பிரதியில் புஷ்பமேரி வீட்டுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றினாள். கண்ணீர்கூட வைத்திருந்தேன். படித்துவிட்டு போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்படியெல்லாம் சுத்த முடியாது. சொன்ன தடத்த விட்டு வெலகுனா மறுபடி மொதல்லேருந்து பறக்கணும்."

பின்னே என்னதான் செய்தாய் என்றேன்.

"எட்டிப் பாத்தேன். ஊரே செவப்பா கெடக்கு. எது எங்க வீடுன்னு தெரியல. சரின்னு மொத்த ஊருக்கும் கையாட்டிட்டுப் போயிட்டேன்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மூன்று சுற்றையும் கண்ணீரையும் அடித்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு இடத்திலும் இறங்கி ஏறித் திரும்பிவிட்டாள். பயிற்சியாளர் கையெழுத்தும் போட்டுவிட்டார். முந்நூறு மைலும் செல்லும்.

4

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் ஊருக்கு வந்திருக்கிறாள், என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே பவுல்ராஜ் அண்ணன் கேட்டுவிட்டார்:

"நம்ம சேலை தெரிஞ்சுச்சாம்மா?"

ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் சிரிக்கிறோம். இன்னொன்றில் பொய் சொல்கிறாள், அவர் அதைத் தெருத்தெருவாகச் சொல்லித் திரிகிறார். இரண்டுமே எனக்குப் பிடித்திருப்பதுதான் தொல்லை. அதோடு ஒரு சந்தேகம்: அன்று மாடியில் அவ்வளவு நேரம் நின்றவர் அக்கம்பக்கத்து மாடிகளைப் பார்த்திருக்க மாட்டாரா? தன் சாயம் அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறார்.

அவள் சோறு பிசைவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்க்கிறாள். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். மீதியை நீங்களே சொல்லி முடியுங்கள்.

"அப்பா,