புறங்கை

பாப்ளார் மரங்கள் பஞ்சு உதிர்க்கிற மாதம். கரகோல் நகரச் சதுக்கமே வெள்ளையாக மிதந்தது. ஆட்கள்கூட மிதப்பது போலத்தான் அனார்கானுக்குத் தெரிந்தது. மகள் பெர்மெத்தைக் கொன்றவன் சிறையில் இருக்கிறான். மரண தண்டனையை நாடு எப்போதோ கைவிட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லித்தான் இவ்வளவு கூட்டம்.

"அண்ணி, பேச்செல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றான் கொழுந்தன் எசென்குல். "நீங்க புறங்கையைக் காட்டி அவன் பேரைச் சொன்னாப் போதும். தலைநகரமே ஆடிப்போயிரும்."

உள்ளங்கையை ஏந்தினால் ஆசி. திருப்பிப் புறங்கையை ஏந்தினால் சாபம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சபித்தால் பலிக்காமல் போகாது. அவளுக்கும் அதுதான் வேண்டும். ரொட்டிக்கு மாவு பிசையும்போதெல்லாம் அவன் பேரைத்தான் குத்திக்கொண்டிருந்தாள்.

அவள் ஏறி நின்ற மேடைக்குக் கீழே கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர் முனகினார். "அவனைச் சுட்டா பொண்ணு திரும்பி வந்துருமா?"

"விட்டா மட்டும் வந்துருமா?" பக்கத்திலிருந்தவள் சீறினாள். "நீ போய் அவனுக்குக் குதிரைப்பால் ஊத்திக் குடு!"

"தப்பான ஆளைச் சுட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டதும் அந்தக் காலத்துல உண்டு, தாயி."

"இவன்தான் ஒத்துக்கிட்டானே! வந்துட்டாரு, பெரிய வக்கீல்!"

அனார்கான் கைகளைத் திருப்பி ஏந்தினாள். சதுக்கம் முழுக்கப் புறங்கைகள் எழுந்தன. சத்தமே இல்லை. தண்ணீருக்கடியில் நிற்பது போலிருந்தது. வாயைத் திறந்தாள்.

"பெர்மெத்" என்றாள்.

மைக் அதைச் சதுக்கமெங்கும் கொண்டுபோனது. சாபக் கையில் மகளின் பேர்! பதறிப்போய்க் கைகளைத் திருப்பினாள். அவளைப் பார்த்து முன்வரிசை திருப்பியது, அப்புறம் அடுத்த வரிசை. காற்று திசை மாறியதும் கோதுமை வயல் சாய்கிற மாதிரி, அத்தனை கைகளும் உள்ளங்கையாயின.

"நல்லா இரு, கண்ணு. எங்க இருந்தாலும் நல்லா இரு" என்று சொல்லி, ஆசியை முடிக்கும் வழக்கப்படி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"ஓமின், அப்படியே ஆகட்டும்" என்றது கூட்டம்.

எசென்குல் மைக்கைப் பொத்திக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "என்ன அண்ணி இது! அவனை மன்னிச்சுட்டீங்களா?"

"மன்னிப்பா? அவன் செத்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், தம்பி. ஆனா அவனைக் கூப்பிட வாயைத் திறந்தா இவ வந்து நிக்கிறா. இவளை ஒதுக்கிட்டு அவனைக் கூப்பிடச் சொல்றியா?"

"அப்போ சட்டம்?"

"அது உங்க பாடு. நீங்க கேளுங்க. கையை விடு."

விட்டான். அவள் படியிறங்கினாள், கூட்டம் வழிவிட்டது. யாரோ மறுபடி கோஷத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பாதிப் பேர்தான் சேர்ந்துகொண்டார்கள்.