ஓதிய உப்பு

நாற்பத்திரண்டு வாய். கைக்குழந்தைகளைச் சேர்க்காத கணக்கு அது. ஓட்டமாவடியில் தன் வீட்டுக்கு நோன்பு திறக்க வரப்போகும் சொந்தக்காரர்களை நபீஸா ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்தார். ஆட்கணக்கு முடிந்ததும் கட்லட் கணக்குத் தொடங்கியது. தலைக்கு இரண்டு, மொத்தம் எண்பத்து நான்கு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "மூணு குடுத்தா நாலு கேப்பானுகள்" என்பது அவருடைய கொள்கை.

கஞ்சி மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. அது மகள் றிஸானாவின் தலையில் விழுந்திருந்தது. விழுத்தியவர் உம்மு குல்தூம் மாமி, றிஸானாவின் வாப்பா பாறூக்கின் மூத்த சகோதரி.

"இந்த முறை கஞ்சிய றிஸானா காய்ச்சட்டும். பாப்பம்" என்று மாமி சொல்லிவிட்டார். பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. மாமியின் மகன் மின்ஹாஜ் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். றிஸானாவைக் கலியாணம் முடித்தால் அவன் வந்து இருக்கப்போவது இந்த வீட்டில்தான். இங்கே மகனுக்கு வாய்க்கு ருசியாக என்ன கிடைக்கும் என்று பெற்றவள் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டாமா? வாழைச்சேனையிலும் ஏறாவூரிலும் அவனுக்கு வேறு இரண்டு பெண் வீடுகள் காத்திருக்கின்றன என்பதையும் மாமி போகிற போக்கில் சொல்லிவைத்திருந்தார்.

றிஸானாவுக்கு மின்ஹாஜைப் பிடிக்கும். அவன் சிரித்தால் ஒரு பக்கத்துப் பல் மட்டும் தெரியும். அந்த ஒரு பல்லுக்காக எத்தனை பானைக் கஞ்சி வேண்டுமானாலும் காய்ச்சத் தயாராக இருந்தாள்.

ஆனால் நோன்புக் கஞ்சியில் ஒரு வில்லங்கம் உண்டு. காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் நோன்பு. உப்பு சரியா என்று யார் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று ஹஸரத்மார் சொல்லத்தான் செய்கிறார்கள். இந்த வீட்டுப் பெண்கள் அதற்கும் ஒப்பமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வருடமும் கஞ்சி ஒன்று சப்பென்றிருக்கும், அல்லது கடலாக இருக்கும்.

இதை மாற்றியவர் உம்மு குல்தூம் மாமிதான். ஆறு வருடத்துக்கு முன்பு வரை அவருடைய கஞ்சியைப் பற்றி யாரும் பேசியதில்லை. திடீரென்று அவர் கையில் பரக்கத் இறங்கிவிட்டது. அகப்பையோடு சாமான் அறைக்குள் போவார். கதவை மூடிக்கொண்டு உப்பில் ஏதோ ஓதி ஊதுவார். வெளியே வந்து ஒரு கிள்ளோ ஒரு பிடியோ போடுவார். இம்மியும் பிசகாது. மாமி என்ன ஓதுகிறார் என்று கேட்டு வாழைச்சேனையிலிருந்துகூட ஆட்கள் வந்திருக்கிறார்கள். "சொன்னா பலிக்காது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

றிஸானாவுக்கு ஓதத் தேவையிருக்கவில்லை. மூன்று நாளாக அவளுக்குத் தொழுகையுமில்லை, நோன்புமில்லை. மாதத்தில் வருகிறதுதான். அல்லாஹ் அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பை விட்டுக்கொடுத்துவிட்டான். ஆனால் வாப்பாவும் காக்காமார் என்கிற அண்ணன்மாரும் இருக்கிற வீட்டில் அதை வெளியே காட்ட முடியாது. ஆகவே அவளும் எல்லோரோடும் விடியுமுன் சஹருக்கு எழும்பினாள், வயிறு முட்டச் சாப்பிட்டாள், பகல் முழுக்க உதடு காய்ந்த முகத்தோடு திரிந்தாள். பசி எடுத்தால் சாமான் அறைக்குள் புகுந்து, கொண்டியைப் போட்டுவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்த பணிஸைத் தின்றாள்.

அன்றும் அப்படித்தான். அஸர் பாங்கு சொல்லி ஒரு மணித்தியாலத்தில் கஞ்சி இறங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. றம்பை இலை மணமும் இறைச்சி மணமும் வளவைத் தாண்டி ஆற்றங்கரை வரை போயின. குசினியில் யாருமில்லாத நேரம் பார்த்து உப்பிட்டு, ஒரு கரண்டி அள்ளி ருசி பார்த்தாள். மிகச் சரி. அந்தச் சந்தோசத்தில் தனக்குத்தானே ஒரு பணிஸ் பரிசளிக்கச் சாமான் அறைக்குள் போனாள்.

இரண்டாம் கடியில் கதவு தட்டப்பட்டது.

"ஆரு உள்ள?" மாமியின் குரல்.

றிஸானா மூச்சை அடக்கினாள். பணிஸ் வாய்க்குள் ஊறியது. கதவு இன்னும் இரண்டு முறை ஆடியது. பிறகு செருப்புச் சத்தம் விலகிப்போனது.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு வந்தபோது உம்மா மட்டும் நின்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"உப்பெல்லாம் சரி மகள். நீ மறந்திருப்பாய் எண்டு நான் ஒரு புடி போட்டன். மறுகா உன்ட மாமியும் வந்து ஒரு புடி போட்டா. நம்மட பொண்டுகள் எல்லாரும் பாத்துக்கிட்டுதான் நிண்டாளுகள்."

உம்மா தொழப் போனதும் றிஸானா ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் கஞ்சிக்குள் மீனைப் போட்டால் விடிய முதல் கருவாடாகிவிடும்.

நோன்பு திறக்கும் பாங்குக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான் இருந்தது. யாரிடம் சொல்வது? 'உப்புக் கூடிப்போச்சு' என்றால், 'உனக்கு எப்பிடித் தெரியும்?' என்பதுதான் அடுத்த கேள்வி. சொல்லாமல் விட்டால் நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் துப்புவார்கள். மின்ஹாஜ் அந்த ஒரு பல்லோடு ஏறாவூருக்குப் போய்விடுவான்.

உப்பில்லாத கஞ்சி இன்னொரு பானை காய்ச்சிக் கலந்தால் தப்பலாம். குறுணல் அரிசி கெதியில் வேகும். குறுணல் எடுக்கச் சாமான் அறைக் கதவைத் தள்ளினாள்.

அரிசி மூட்டையின்மேல் உம்மு குல்தூம் மாமி குந்தியிருந்தார். கையில் அரைக் கட்லட். மீதி அரை வாய்க்குள் இருந்தது. ஒரு கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"கதவ மூடு" என்றார், கட்லட்டுக்குள்ளால்.

றிஸானா உள்ளே வந்து கொண்டியைப் போட்டாள். மாமி ஒருவழியாக விழுங்கினார்.

"சீனி வருத்தம், புள்ள. நோன்பே புடிக்கப்படாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். மத்தியானக் குளிச போட்டுட்டு ஒண்டும் தின்னாம இருந்தா தல சுத்துது. ஆறு வருஷமா இப்பிடித்தான்."

"ஆறு வருஷமாவா?"

"கத்தாத! உன்ட மாமாக்கும் தெரியா. ஊரெல்லாம் நான் ஒரு நோன்பும் விடாதவள் எண்டு பேரெடுத்து வச்சிரிக்கன்." சொல்லிக்கொண்டே மீதியையும் வாயில் போட்டார். தெம்பு வந்ததும் குரலும் வந்தது. "அது கிடக்கட்டும். நீ என்னத்துக்கு இஞ்ச வந்தாய்? உதட்டில என்ன அது?"

றிஸானா தொட்டுப் பார்த்தாள். கஞ்சி.

"எனக்குத் தொழுகை இல்ல மாமி. மூணு நாளா."

மாமி அவளையும் கதவையும் கொண்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப மொதல்ல உள்ள இருந்தது நீதானா? நாசமாப் போவாளே! அகப்பையில கஞ்சிய அள்ளிக்கிட்டு வந்து வெளிய நிண்டு எவ்வளவு நேரம் தட்டினன். அங்கால அவளுகள் எல்லாரும் என்ட கையையே பாத்துக்கிட்டு நிக்காளுகள். மறுகா நான் என்ன செய்ற? கண்ண மூடிக்கிட்டுப் போட்டன்."

றிஸானாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "மாமி, அப்ப நீங்க உப்புல ஓதுறல்லையா?"

"ஏன் ஓதாம? பிஸ்மி சொல்லித்தானே வாயில வைப்பன்."

றிஸானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"கஞ்சி எப்பிடி?"

"வாயில வைக்கேலா. நான் அளவா உப்புப் போட்டிருந்தன். அதுக்கு மேல உம்மா, அதுக்கு மேல நீங்க."

"நபீஸாக்கு என்னத்துக்கு இந்த வேல? ஓதத் தெரியாதவள் சும்மா இருக்கிறதுதானே!" என்றார் மாமி.

பிறகு மாமி எழும்பினார். சேலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினார். ஒரு நிமிடம் கண்ணை மூடி, முகத்தில் ஆறு வருடத்து நோன்பை ஏற்றிக்கொண்டு வெளியே போனார்.

"நபீஸா! பள்ளிவாசலுக்கு ரெண்டு வாளி கஞ்சி அனுப்போணும். நேர்ச்ச ஒண்டு கிடக்கு எனக்கு. இன்னொரு பான வை."

"மதினி, நாப்பத்திரண்டு பேருக்கு அளந்தெல்லவா..."

"நேர்ச்சைக்கும் அளவா? குறுணலக் கொண்டா. தேங்காய் நாலு துருவு."

குசினி இரண்டாம் முறை பற்றியெரிந்தது. வாப்பா தேங்காய் உரித்தார். உம்மா முணுமுணுத்தபடியே துருவினார். நேர்ச்சைக் கஞ்சிக்கு உப்புப் போட உம்மா இரண்டு முறை கையை நீட்டினார். இரண்டு முறையும் மாமி அந்தக் கையில் அடித்தார். வெந்ததும் இரண்டு பானையையும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். "பள்ளிக்குப் போறதும் வீட்டுக் கஞ்சியும் ஒண்டாத்தான் இருக்கோணும். இல்லாட்டிக் குத்தம்" என்று மாமி அந்த இடத்திலேயே ஒரு சட்டம் உண்டாக்கினார். கடைசியில் றிஸானா அகப்பையோடு சாமான் அறைக்குள் போனாள். பின்னாலேயே மாமியும் போனார். இருவரும் சேர்ந்து ஓதினார்கள்.

வாப்பா வாளிகளோடு பள்ளிக்குப் போய்த் திரும்பவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. பேரீச்சம்பழம் போனது. தண்ணீர் போனது. கோப்பைகள் வாய்க்கு ஏறின. றிஸானா கதவு மறைவில் நின்று நாற்பத்திரண்டு தொண்டைகளையும் பார்த்தாள். ஒருவரும் துப்பவில்லை. ஆண்கள் இருந்த மண்டபத்தில் மின்ஹாஜ் இரண்டாம் கோப்பைக்குக் கையை நீட்டினான்.

"மதினிர கைதான் கை! இந்த முறையும் உப்பு என்னமா நிண்டிரிக்கு!" என்றார் உம்மா.

மாமி பணிவாகத் தலையைக் குனிந்தார். ஆறு வருடப் பழக்கம், விடுமா? "எல்லாம் அல்லாஹ்ட..." என்று தொடங்கிவிட்டார்.

றிஸானா கட்லட் தட்டை அவர் முன்னால் நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "மாமி, எண்பத்து நாலு சுட்டது. இப்ப எண்பத்து மூணுதான் கிடக்கு. உம்மா தேடிக்கிட்டிரிக்கா."

மாமி தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"...அல்லாஹ்ட கிருப. ஆனா இந்த முறை என்ட கை இல்ல. உப்பு முழுக்க றிஸானாட அளவு. ஓதலயும் இவளுக்கே குடுத்திட்டன்." பிறகு மண்டபத்துப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "தம்பி பாறூக்! என்ட மகனுக்கு நான் வேற வீடு ஒண்டும் பாக்கல்ல."

மண்டபத்தில் யாருக்கோ புரைக்கேறியது. மின்ஹாஜாகத்தான் இருக்க வேண்டும். கஞ்சிக் கோப்பையும் கையுமாக உம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப இனி வருஷா வருஷம் கஞ்சி இவள்தான்" என்றார் உம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

றிஸானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மனதுக்குள் நாட்களை எண்ணத் தொடங்கினாள். வருகிற வருடம் இதே நாளில் அவளுக்கும் நோன்பிருந்தால்?

மாமி அவள் முகத்தைப் படித்துவிட்டார். எட்டி ஒரு கட்லட்டை எடுத்து, அன்று முதல்முறையாகச் சாப்பிடுகிறவரைப் போல ஆசையோடு கடித்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தார்.

"பயப்படாத கிளி. உன்ட நாள் தப்பினாலும் என்ட சீனி எங்கயும் போகாது."