கேட்காத இடத்துக்குப் போன கேபிள்

1

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: 1999ஆம் ஆண்டு, தகவல் புரட்சியானது ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் வாசலில், மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய கேபிள் சுருளாக வந்து இறங்கியது. ஓட்டி வந்தவன் ஆபேல். வேலூர் லாங் பஜாரில் பாத்திரக்கடை மாடியில் ‘நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்’ என்று போர்டு வைத்திருந்தான். சொல்யூஷன்ஸ் என்றால் அவனும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது ஒரு பழைய சுவரையும், அதில் கோணாமல் அடித்திருந்த கேபிளையும்தான். யாருக்காக இத்தனை நேர்த்தி என்று யோசித்தபோது வந்தவள் ஃபீபி. மீதியெல்லாம் கற்பனை.)

2

‘அவள் கன்னத்தில் வெயில்’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன்.

ஃபீபியின் பதவி டேட்டா கோஆர்டினேட்டர். அதாவது, அக்கவுண்ட்ஸ் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து பேக்கிங் லிஸ்ட்டை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி டிஸ்பாட்ச்சுக்கு நடப்பது. அங்கே பிரிண்ட் எடுத்ததும் திரும்பி நடப்பது.

“வெயில்ல கஷ்டமா இல்ல?” என்றான் ஆபேல்.

“வீட்ல உக்காந்தா கணியம்பாடி மாமா பையனைக் கட்டிவெச்சிருவாங்க சார். அந்தப் பையன் பேச ஆரம்பிச்சா பம்புசெட்டுதான், நிறுத்த ஆள் வரணும். நான் வேலைக்கு வந்துட்டிருக்குற வரைக்கும் எங்கப்பா கல்யாணத்தப் பத்தி வாயத் தொறக்க மாட்டாரு. இந்த வெயில் தேவல.”

ஆபேல் வெயிலை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

3

முதலாளி ஹயாத் பாஷா கேட்டது அக்கவுண்ட்ஸ் ரூமையும் தன் ரூமையும் இணைக்கத்தான். ஆபேல் போட்ட பிளானில் கோடு முற்றத்தையும் தாண்டியது.

“இது இன்னாப்பா, டிஸ்பாட்ச் வரைக்கும் இழுத்துவெச்சிருக்கே? நான் சொல்லலியே.”

“கேபிள் ஜாஸ்தி இருக்கு சார். சும்மாவே போட்டுத் தர்றேன்.”

[காதலிப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள். இவன் சுவரில் கிளிப் அடித்தான். எழுதியிருந்தால் அவள் கிழித்தாவது போட்டிருக்கலாம்.]

திறப்பு விழாவில் பாஷா ரிப்பன் வெட்டினார். உலகம் சுருங்கி ஆம்பூருக்குள் வந்துவிட்டது என்றார். உலகம் வந்த வழியில் லாரி நிற்கிறது, எடுக்கச் சொல்லுங்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அக்கவுண்ட்ஸில் பட்டனைத் தட்ட, டிஸ்பாட்ச்சில் பேப்பர் வந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஃபீபியும்.

“அப்ப இந்தப் பொண்ணு இனிமே நடக்கத் தேவையில்ல,” என்றார் பாஷா. “மாசக் கடைசியோட நின்னுக்கட்டும்.”

முதல் வாக்கியத்துக்கு விரிந்த சிரிப்பை இரண்டாவதுக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆபேல் அவளைத் திரும்பி

(முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

கம்பெனி கேட்டருகே அவள் கேட்டாள்: “டிஸ்பாட்ச்சுக்கு இழுக்கச் சொல்லி யாராவது உங்களக் கேட்டாங்களா சார்?”

“வெயில்ல நடக்குறீங்களேன்னு...”

“நடக்கத்தானே சம்பளம்.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கும் எழுதச் சுலபம், அவனுக்கும் கேட்கச் சுலபம்.

4

முடிவுகள் கையிருப்பில் மூன்று.

அ. ஆபேல் போய் கேபிளைப் பிடுங்குகிறான். பாஷா சென்னையிலிருந்து வேறு ஆளை வரவழைத்து மாட்டிக்கொள்கிறார்.

ஆ. ஆபேல் கணியம்பாடிப் பம்புசெட்டை முந்திக்கொண்டு பெண் கேட்கிறான். “வேலையை எடுத்துட்டு வீட்டைத் தர்றீங்களா,” என்கிறாள் ஃபீபி. (இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எதிலும் அவள் சம்மதிக்கவில்லை.)

இ. பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் காற்று செம்பைத் தின்னும் என்பதை பிளான் போட்டவன் யோசிக்கவில்லை. ஒரே மழைக்காலத்தில் கனெக்டர்கள் கறுத்து நெட்வொர்க் செத்துப்போகிறது. ஃப்ளாப்பியைக் கொண்டுபோகும் வேலையை பாஷா வாட்ச்மேன் தலையில் கட்டுகிறார்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். வாசகருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று பெரியவர்கள் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நான்காவதாக ஒன்றை நீங்களே எழுதினாலும் ஆட்சேபனை இல்லை.

ஃபீபிக்குத் தை மாதம் கணியம்பாடியில் கல்யாணம் ஆகிவிட்டது.