மூச்சுப்பட்டால் ஆடும் முள்

முள் ஆடிக்கொண்டே இருந்தது.

தராசு பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. அன்று மேசையில் இருந்தது ஒரு மருந்துக்கடையின் சின்னத் தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. தட்டு காலியாக இருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. திருகைத் திருப்பினேன், குனிந்து பார்த்தேன். மறுபடியும் திருப்பினேன், இன்னும் குனிந்தேன்.

"ஏம்மா, மூக்கை வெளிய எடு. நீ மேல மூச்சு விட்டா அது எப்படி நிக்கும்? தராசு நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி.

என் மனம் தராசில் இல்லை. மறுநாள் மாலை ஞானஸ்நான வகுப்பின் கடைசி நாள். ஞாயிறன்று தண்ணீரில் இறங்கப்போகிறவர்கள் எழுந்து, இயேசு தங்களுக்கு என்ன கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். "நிலையான சந்தோஷம்" பற்றிச் சொல்வதாக நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அதே வாரம் அக்கா ஆறாம் மாதத்தில் ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து காலையில் ஜெபித்து முடித்ததும், சந்தோஷம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்ப்பேன். பயம்தான் இருக்கும். குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் போய்விடுகிற சந்தோஷத்தை எந்த முகத்தோடு நிலையானது என்பது? சொல்ல முடியாதென்றால் தண்ணீரில் இறங்குவதும் நடிப்புதானே?

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கட்டிலைக் கால்பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள்.

"வாங்க பாஸ்டரம்மா" என்றாள் கேலியாக; வீட்டில் சர்ச்சுக்குப் போவது நான் மட்டும்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பொறுத்துப் பாக்கணுமாம். இதைச் சொல்லத்தான் அத்தனை வருஷம் படிச்சிருக்காரு." சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குடி. உங்க சாமிகிட்ட ஏதாவது சொல்லேன்."

வகுப்பில் கற்ற ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "இயேசுவே, எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பப் பயமா இருக்கு. நீங்க இங்கேயே இருங்க, எங்கேயும் போயிடாதீங்க" என்றேன். அவ்வளவுதான்.

அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "என்னடி, ராத்திரி துணைக்கு ஆள் கூப்பிடற மாதிரி கூப்பிடற?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் நான் உள்ளே தேடிப் பார்க்கவே இல்லை. உடனே தேடினேன். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில், கூப்பிட்டதும் வந்தவர் போல யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மேலும் குனிந்து பார்க்கத் தோன்றியது. முதலாளி சொன்னது நினைவுக்கு வர, மூக்கை வெளியே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். "அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கா. என்ன ஆகும்னு தெரியல. சந்தோஷம் இருக்கா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தா அது தராசு முள் மாதிரி ஆடுது. இயேசுவைப் பாத்தா நிக்குது. பயம் போகல. அவரும் போகல. இதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று காது சுட்டது.

"ஞாயித்துக்கிழமை மாத்துத்துணி கொண்டு வந்துடுங்கம்மா. போன தடவை ஒருத்தர் மறந்துட்டு, சொட்டச் சொட்ட பஸ்ல போனாரு" என்றார் போதகர்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நல்லா இறங்கு. எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போட்டுடு."

"அப்படியெல்லாம் போட முடியாதுக்கா."

"நீ கேட்டுத்தான் பாரேன்."

பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்று சிரித்தேன். பயமும் கூடவே நின்றுகொண்டுதான் இருந்தது.